ஓடிபி சொல்லாத அம்மாவின் பணம் எப்படிப் போனது?

வங்கிச் சுவரில், குறுஞ்செய்தியில், தொலைபேசி அழைப்புக்கு முன் ஒலிக்கும் அறிவிப்பில் என்று எங்கும் நாம் பார்க்கும், கேட்கும் ஒரு வரி உண்டு. “ஓடிபி எண்ணை யாரிடமும் பகிராதீர்கள்.” பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் ஆசிரியர்களாகிய நாமும் பெற்றோரிடம் இதைச் சொல்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் அது தடுப்பது ஒரு வகை மோசடியை மட்டுமே. இன்று நம் பெற்றோரின் பணத்தைக் கொண்டுபோகும் மோசடிகளில் பலவற்றுக்கு ஓடிபியே தேவைப்படுவதில்லை.

கடந்த ஆண்டு எங்கள் பள்ளியின் பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் தாயார் என்னைப் பார்க்க வந்தார். வீட்டில் தையல் வேலை செய்பவர். கல்வித் துறையிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து, மகளின் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறார். உதவித்தொகை தயாராக இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பும் கியூஆர் குறியீட்டைச் செயலியில் திறந்து பின் எண்ணைப் போட்டால் கணக்கில் ஏறிவிடும் என்றிருக்கிறார். அவரும் அப்படியே செய்திருக்கிறார். மகளிர் குழுக் கடன் தவணைக்காகச் சேர்த்து வைத்திருந்த ₹14,000 போய்விட்டது. அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “நான் யார்கிட்டயும் ஓடிபி சொல்லலையே டீச்சர்.”

உண்மை. அவர் சொல்லவில்லை. நாம் சொல்லிக்கொடுத்த விதியை அவர் மீறவே இல்லை.

யுபிஐ முறையில் பின் எண் என்பது பணம் எடுக்கும் படிவத்தில் போடும் கையொப்பம் போன்றது. பணம் வெளியே போகத்தான் அது வேண்டும்; உள்ளே வருவதற்குத் தேவையே இல்லை. இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அந்தத் தாய் தப்பித்திருப்பார். ஆனால் இதை எந்தச் சுவரிலும் பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை. செயலியின் திரையில் ‘செலுத்து’ என்று பொருள்படும் சொல் இருந்திருக்கும்தான். பெரும்பாலானோர் போனில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

வங்கியின் பக்கமிருந்து இதைப் பார்ப்போம். பதிவு செய்த அதே போன், அதே சிம், சரியான பின் எண். கணினி கேட்கும் ஒரே கேள்வி, ‘இவர் யார்?’ என்பது. அதற்குச் சரியான விடை கிடைத்துவிட்டது. ‘இவர் யாராலோ ஏமாற்றப்பட்டு இதைச் செய்கிறாரா?’ என்ற கேள்விக்கு எந்தப் பூட்டிலும் இடமில்லை. திருடன் சாவியைத் திருடுவதை விட்டுவிட்டு, சாவி வைத்திருப்பவரையே கதவைத் திறக்க வைக்கக் கற்றுக்கொண்டான். பூட்டை இன்னும் கனமாக்கி என்ன பயன்?

முன்பு வங்கிக் கவுன்டரில் இருந்தவர், “என்னம்மா, திடீர்னு இவ்வளவு பணம்? எதுக்கு?” என்று கேட்பார். 2016இல் யுபிஐ வந்தபின் அந்தக் கேள்வி இல்லாமலே பணம் நகர்கிறது. ஆனால் அந்தக் கவுன்டர் கேள்விக்கும் மோசடிக்காரர்கள் விடை வைத்திருக்கிறார்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ அழைப்பில் மணிக்கணக்கில் மிரட்டி, முதியவர்களை வங்கிக்கே அனுப்புகிறார்கள். வங்கியில் கேட்டால் ‘வீடு வாங்க’ என்று சொல்லும்படி முன்கூட்டியே பழக்கிவிடுகிறார்கள். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. அது தெரிந்தவரும் காவல் சீருடையைத் திரையில் கண்டால் தடுமாறிவிடுகிறார்.

அப்படியானால் சந்தேகமான பரிவர்த்தனைகளைக் கணினியே கண்டுபிடித்து நிறுத்தக் கூடாதா? வகுப்பில் மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. நான் கணித ஆசிரியர் என்பதால் பத்தாம் வகுப்பின் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ இயலோடு சேர்த்து இதற்கு ஒரு கணக்குப் போடச் சொல்வேன். எண்கள் கற்பனையே.

10 லட்சம் பரிவர்த்தனைகளில் 100 மோசடி என்று வைத்துக்கொள்வோம். கணினி மிகத் திறமையானது. மோசடியில் 99 விழுக்காட்டைப் பிடித்துவிடும். நேர்மையான பரிவர்த்தனையில் 1 விழுக்காட்டை மட்டும் தவறாகச் சந்தேகிக்கும். விடை என்ன? பிடிபட்ட மோசடி 99. தவறாகச் சந்தேகிக்கப்பட்டவை, மீதமுள்ள 9,99,900இல் 1 விழுக்காடு, அதாவது 9,999. மொத்தம் நிறுத்தப்பட்டவை 10,098. 99ஆல் வகுத்தால் சரியாக 102. கணினி நிறுத்தும் 102 பேரில் ஒன்றுதான் மோசடி. மற்ற 101 பேரும் மருந்துக் கடையிலோ பேருந்திலோ பணம் போகாமல் தவிப்பவர்கள்.

2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் நாட்டில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. ஒரு நாளைக்குச் சுமார் 64 கோடி. நம் கற்பனைக் கணினியை அங்கே வைத்தால் தினமும் 64 லட்சம் நேர்மையான பரிவர்த்தனைகள் நின்றுபோகும். வகுப்பில் இந்த இடத்தில் ஓர் அமைதி வரும். “அப்ப கொஞ்சம் கம்மியா சந்தேகப்படச் சொல்லலாம் மிஸ்” என்பார் ஒருவர். சொல்லலாம். ஆனால் அப்போது தப்பிப் போகும் மோசடி கூடும். உண்மையான கணினிகள் தொகை, நேரம், பெறுபவரின் கணக்கு என்று பலவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றன. ஆனாலும் இந்த இழுபறி அவற்றுக்கும் உண்டு.

அடுத்த சிக்கல் வேகம். போன பணம் ஒரே கணக்கில் காத்திருப்பதில்லை. சில நிமிடங்களில் பல கணக்குகளாகப் பிரிந்து, ஏடிஎம் வழியாக வெளியேறிவிடும். அதனால்தான் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்கிறார்கள். பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே அதை முடக்க முயல்வார்கள். நான் சொன்ன தாயார், கணவருக்குப் பயந்து இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. புகார் பதிவானது, பணம் இதுவரை வரவில்லை.

பணம் பிரிந்து போகும் அந்தக் கணக்குகள் யாருடையவை? இங்கேதான் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். வங்கித் துறையில் இவற்றை ‘மியூல் அக்கவுண்ட்’ என்பார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. பிறர் சுமையைச் சுமப்பது. ‘கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் ஒரு மாதம் கொடு, ஐந்தாயிரம் தருகிறேன்’ என்று சொல்லி மாணவர்களையும் வேலை தேடும் இளைஞர்களையும் பிடிக்கிறார்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ₹1,000 வங்கிக் கணக்கில்தான் வருகிறது. ஆக, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் பெயரும் ஆதாரும் சரியாக உள்ள, எந்தக் கறையும் இல்லாத கணக்கு இருக்கிறது. மோசடிக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? காவல்துறை தேடி வருவதோ கணக்குக்கு உரியவரின் வீட்டுக்கு. கணக்கு முடங்கும், வழக்கும் வரும்.

இழப்பை யார் ஏற்பது? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைப் பகிர்ந்து பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது. தவறு வாடிக்கையாளருடையதோ வங்கியுடையதோ அல்ல என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை. பிரிட்டனில் வேறு வழியில் போயிருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டுத் தாமே பணம் அனுப்பியவருக்கும் 2024 அக்டோபர் 7 முதல் 85,000 பவுண்டு வரை திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப் பாதி. பெற்ற வங்கிக்கும் பங்கு வைத்ததுதான் எனக்குப் பிடித்தது. திருட்டுப் பணத்துக்குக் கணக்குத் திறந்து கொடுத்தவருக்கும் வலித்தால்தான் அடுத்த கணக்கைத் திறக்கும்போது உற்றுப் பார்ப்பார்.

வகுப்பில் நான் செய்வது இரண்டு. ஒன்று, மாணவர்களையே மோசடிக்காரராக நடித்துப் பேசச் சொல்வது. எந்தக் குழு நடித்தாலும் இரண்டாவது நிமிடத்தில் “சீக்கிரம், இன்னும் பத்து நிமிஷம்தான்” என்ற வசனம் வந்துவிடுகிறது, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே. இன்னொன்று, வீட்டிலுள்ள வங்கிப் புத்தகத்தின் பின்அட்டை உட்புறம் மூன்று வரி எழுதச் சொல்வது. பணம் வாங்கப் பின் எண் வேண்டாம். பணம் போனால் உடனே 1930. அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: வங்கியின் பெயர், பணம் போன நேரம், தொகை, செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். எழுதியதை வீட்டில் படித்துக் காட்டிவிட்டு, அந்த 12 இலக்க எண் செயலியில் எங்கே இருக்கிறது என்பதை அம்மாவின் போனிலேயே கண்டுபிடித்து வருவதுதான் அன்றைய வீட்டுப்பாடம்.