நடத்தையின் காரணமறிந்து கற்பித்தல்
ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பயிற்சி முறை

பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராமல், பிறர் முகத்தை நோக்காமல், ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடும் குழந்தைகள் சிலரை நாம் காண்கிறோம். இவர்களுள் சிலர் பேசுவதேயில்லை; சிலர் கேட்ட சொற்களையே மீண்டும் சொல்வர். அன்றாட ஒழுங்கில் சிறு மாறுதல் நேரினும், இரைச்சல் எழுந்தாலும், சிலர் பெரிதும் கலக்கமுறுவர். இத்தகைய இயல்புகளின் தொகுதியே ஆட்டிசம் அல்லது மதியிறுக்கம் எனப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விவரித்தார்.

தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்ற தவறான கருத்து ஒரு காலத்தில் பரவியிருந்தது. பெர்னார்டு ரிம்லண்டு 1964-இல் வெளியிட்ட நூல் அக்கருத்தை வன்மையாக மறுத்தது. ஆட்டிசம் மூளையின் வளர்ச்சியைச் சார்ந்தது என்பதும், அதில் மரபுக் கூறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும் இன்று தெளிவு. ஆகவே, பெற்றோரைக் குறை கூறுவதற்கு இடமில்லை. இதனை நீக்கவல்ல மருந்தும் இல்லை. எனினும் தக்க பயிற்சியால் குழந்தையின் பேச்சும், பழகும் திறனும், தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் ஆற்றலும் வளரக்கூடும்.

பயிற்சியின் அடிப்படை

ஒரு செயலின் பின் விரும்பத்தக்க பயன் கிட்டுமாயின் அச்செயல் மீண்டும் நிகழும். பயன் கிட்டாவிடில் நாளடைவில் குறையும். நடத்தைப் பயிற்சி முறைக்கு இவ்வுண்மையே அடிப்படை. கலிபோர்னியாவில் ஈவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், 19 சிறு குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேர அளவில் இரண்டாண்டுகளுக்கு மேல் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் 9 பேர் ஏனைய குழந்தைகளைப் போன்றே முதல் வகுப்பை நிறைவு செய்தனர் என்று அவர் அறிவித்தார். ஆயினும், குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பது அந்த ஆய்வின் குறையாகச் சுட்டப்பட்டது. பின்வந்த ஆய்வுகளிலும் பலன் குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டது. அக்காலத்தில் கையாளப்பட்ட அதட்டலும் அடியும் இன்று ஏற்கத்தக்கவை அல்ல.

தண்டனையே பரிசாதல்

ஓர் உதாரணத்தைக் காண்போம். கணக்குப் பாடம் தொடங்கியவுடன் ஒரு சிறுவன் நோட்டுப் புத்தகத்தை வீசி எறிகிறான். ஆசிரியர் அவனை வெளியே நிற்கச் செய்கிறார். மறுநாளும் அவன் எறிகிறான். இது பிடிவாதம் என்று தோன்றும். ஆனால் நிகழ்ந்தது யாது? கணக்கு அவனுக்குக் கடினமாயிருந்தது. எறிந்தவுடன் கணக்கிலிருந்து விடுதலை கிட்டியது. ஆசிரியர் தண்டனை என்று கருதியது சிறுவனுக்குப் பரிசாயிற்று. எறிதலை அவர் தம்மையறியாமலே கற்பித்துவிட்டார்.

இதனைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைந்து, நடத்தைக்கு முன் நடந்தது என்ன, குழந்தை செய்தது என்ன, அதன் பின் கிடைத்தது என்ன என்பவற்றை ஒரு வாரம் குறித்துவந்தால் போதும். பெரும்பாலும் நான்கு காரணங்களுள் ஒன்று புலப்படும்: கடினமான வேலையினின்று தப்புதல், பிறர் கவனத்தைப் பெறுதல், விரும்பிய பொருளை அடைதல், புலன்களுக்கு இதமளித்தல். நடத்தை திடீரெனத் தொடங்கினால் காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் முதலியன உண்டா என முதலில் மருத்துவரைக் கொண்டு ஆராய வேண்டும்; பேச இயலாத குழந்தை தன் நோவை வேறு எவ்வாறு தெரிவிக்கும்?

மாற்றுத் திறன்

காரணம் தெரிந்தபின், அதே பயனை நல்வழியில் பெறக் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டும். எட்வர்டு கார், மார்க் டுராண்டு ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு குழந்தைகளுக்கு உதவியையோ கவனத்தையோ கேட்டுப் பெறும் சொற்களைக் கற்பித்தபோது, அவர்களுடைய தொல்லைதரும் நடத்தைகள் குறைந்தன. நம் உதாரணச் சிறுவனுக்கு “உதவி” எனக் குறிக்கும் ஒரு பட அட்டையைக் கொடுக்கலாம். முதலில் அவன் கையைப் பிடித்து அட்டையைக் காட்டச் செய்து, உடனே உதவ வேண்டும். பின்னர்க் கைத்துணையைச் சிறிது சிறிதாகக் குறைத்துவரலாம். கணக்கையும் அவன் தரத்துக்கு ஏற்றதாக எளிமைப்படுத்துதல் அவசியம். எறிதலால் வேலையினின்று விடுதலை கிட்டாதபோது, முதற் சில நாட்களில் அது மிகுதிப்படவும் கூடும். அதற்காக முறையைக் கைவிடலாகாது. ஆனால் தலையை மோதிக்கொள்ளுதல் போன்ற, உடலுக்குத் தீங்கு நேரும் நிலையில் வல்லுநரின் துணையின்றி எதையும் முயலக் கூடாது.

புதிய பழக்கங்களையும் இவ்வாறே கற்பிக்கலாம். கை கழுவுதலைக் குழாயைத் திறத்தல், சோப்பு எடுத்தல், தேய்த்தல், அலம்புதல், துடைத்தல் எனப் பிரித்து, ஒவ்வொரு படி கைவந்தவுடன் பாராட்டோ விருப்பமான விளையாட்டோ அளிக்க வேண்டும். உணவை மறுத்து அதனையே பரிசாக்குதல் தகாது. கைகளை அசைத்தல் போன்ற, எவருக்கும் தீங்கிழைக்காத செயல்களைத் தடுக்கவும் வேண்டாம். அவற்றை அடக்கக் கட்டாயப்படுத்தியது தமக்குத் துன்பம் விளைத்தது என்று ஆட்டிசம் உடைய பெரியவர்கள் பலர் கூறியுள்ளனர். குழந்தையைப் பிறரைப்போல் தோன்றச் செய்வது பயிற்சியின் நோக்கமன்று. தன் தேவையைத் தெரிவித்துத் தன்னம்பிக்கையுடன் வாழச் செய்வதே நோக்கம்.

களப்பணியாளரின் பங்கு

வல்லுநர் அல்லாதார் இத்துறையில் உதவ இயலுமா என்ற வினாவுக்குக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடைபெற்று 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விடையளித்தது. அதிற் கையாளப்பட்டது மேற்கூறியதினின்று சற்றே வேறான முறை: பெற்றோர் குழந்தையுடன் விளையாடுவதைப் படமெடுத்து, அதனை அவர்களுடன் பார்த்து, குழந்தையின் குறிப்பறிந்து பதிலளிக்கப் பழக்குதல். 65 குழந்தைகள் பங்குகொண்ட அந்த ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களே 6 மாதங்களில் 12 அமர்வுகளை நடத்தினர். பெற்றோர் பதிலளிக்கும் திறனும், குழந்தைகள் தாமே முன்வந்து தொடர்புகொள்ளுதலும் உயர்ந்தன.

அங்கன்வாடிப் பணியாளர்கள் கவனிக்க வேண்டிய குறிகள் சில: ஓராண்டு நிரம்பியும் பெயருக்குத் திரும்பாமை, ஒன்றரை ஆண்டு நிரம்பியும் விரும்பியதை விரலால் சுட்டாமை, கற்ற சொற்களை இழத்தல். இவை ஆட்டிசத்தை உறுதிசெய்வன அல்ல. செவிப்புலனையும் சோதிக்க வேண்டும். ஆனால் “வளர வளரச் சரியாகும்” என்று காத்திருத்தல் அருமையான காலத்தை வீணாக்கும். 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அக்குழந்தையை அனுப்புக.

ஆசிரியர்களுக்குச் சட்டமும் வழிகாட்டுகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் மாணவரை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுள்ள 21 குறைபாடுகளுள் ஆட்டிசமும் ஒன்று. எனவே, இக்குழந்தைகளுக்குப் பள்ளியில் இடமளித்தல் சலுகையன்று, கடமை. வகுப்பினின்று ஒரு குழந்தையை வெளியே அனுப்புமுன், அது எதைச் சொல்ல முயல்கிறது என்று அந்த மூன்று பத்திகளில் குறித்துப் பார்ப்பதே அக்கடமையின் முதற்படி.