நகத்தொழில் கற்கப் போகும் தங்கைகளுக்கு

தியாகராய நகர் பாண்டி பஜாரிலும் அடையாறு எல்.பி. சாலையிலும் ‘நெயில் ஆர்ட்’, ‘ஜெல் எக்ஸ்டென்ஷன்’ என்ற பெயர்ப்பலகைகளை இப்போது சாதாரணமாகப் பார்க்க முடிகிறது. கூடவே பயிற்சி விளம்பரங்களும் வருகின்றன. மூன்று நாளில் கற்றுக்கொள்ளலாம், உடனே சம்பாதிக்கலாம் என்கிறார்கள். கிராமத்துக் காலனிகளிலும், சென்னைக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் குடியிருப்புகளிலும் பிளஸ் டூ முடித்த பெண்கள் அந்த விளம்பரங்களைச் செல்போனில் பார்த்துவிட்டு, “சேரலாமா?” என்று கேட்கிறார்கள். கட்டணம் பெரும்பாலும் அம்மாவின் கம்மலை அடகு வைத்து வரும் பணம். ஆகவே பொறுப்போடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நகத்துக்கும் நம் நாட்டில் சாதி உண்டு. முடி வெட்டுவதும் நகம் களைவதும் ஒரு சாதியின் பிறவிக் கடமையாக்கப்பட்டன. அந்தச் சேவை ஊரோடு நின்றுவிடும், காலனிக்கு வராது. தலித் மக்களுக்குத் துணி வெளுக்கவும் முடி திருத்தவும் புதிரை வண்ணார்கள் ஒதுக்கப்பட்டார்கள். ஊர் சலூனில் தலித் இளைஞருக்கு நாற்காலி மறுக்கப்பட்ட செய்தி இன்றும் நாளிதழில் வருகிறது. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தின் பெண், இன்னொருவர் கையை ஒரு மணி நேரம் தன் கையில் ஏந்தி வேலை செய்து, அதற்குரிய விலையைக் கேட்டு வாங்குகிறாள் என்றால் அது சின்ன விஷயம் அல்ல. ஆனால் அது பழைய சேவகத்தின் புதுப்பெயராக ஆகிவிடக் கூடாது. கூலி பேசும் பலம் திறமையிலிருந்து வரும். அந்தத் திறமையைத் தரும் பயிற்சி எது என்பதே கேள்வி.

முதலில் தொழிலின் படிகளைத் தெரிந்துகொள்வோம். நகத்தை வெட்டி, தேய்த்து, ஓரத்தோலைச் சீராக்கிப் பாலிஷ் இடும் மெனிக்யூர், பெடிக்யூர் முதல் படி. விளக்கொளியில் இறுகும் ஜெல் பாலிஷ் அடுத்தது. அக்ரிலிக் பொடியையும் திரவத்தையும் குழைத்தோ, ஜெல்லைக் கொண்டோ நகத்தை நீட்டுவது மூன்றாவது. நகம் வளரும்போது அடியில் இடைவெளி விழும். இரண்டு மூன்று வாரத்தில் அதை நிரப்ப வேண்டும். பிறகு சொந்த நகம் கெடாமல் கழற்றவும் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் திரும்பி வருவது இந்த நிரப்புதலுக்கும் கழற்றுதலுக்கும்தான். ஒட்டுவதை மட்டும் சொல்லித் தரும் வகுப்பு அரைகுறை வகுப்பு.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்த வேலைக்கு உரிமம் வேண்டும்; அதற்கு 400 மணி நேரப் பயிற்சி கட்டாயம். இந்தியாவில் அப்படி உரிமச் சட்டம் இல்லை. அதனால்தான் இங்கே மூன்று நாள் வகுப்பும் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கிறது.

பணம் கட்டும் முன் கட்டணமில்லாத கதவுகளைத் தட்டுங்கள். தாட்கோ, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடி இளைஞர்களுக்கு அழகுக்கலைப் பயிற்சிகளை அவ்வப்போது அறிவிக்கிறது. சாதிச் சான்றிதழைத் தயாராக வைத்திருங்கள். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் காஸ்மெட்டாலஜி என்ற ஓராண்டுத் தொழிற்பிரிவு இருக்கிறது. நகப் பராமரிப்பு அதில் ஒரு பகுதி; தோலும் தலைமுடியும் சேர்ந்தே வரும். அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஓராண்டு நீளம் என்று தோன்றலாம். ஆனால் கையில் கிடைப்பது நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ்.

தனியார் வகுப்புதான் வேண்டுமென்றால் நேரில் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். பிளாஸ்டிக் கையில் எத்தனை நாள், உயிருள்ள மனிதர் கையில் எத்தனை நாள் பழகுவோம்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவிகள்? கருவிப்பெட்டி கட்டணத்தில் அடக்கமா? பாடம் தமிழில் நடக்குமா? சான்றிதழ் அழகு மற்றும் நல்வாழ்வுத் துறைத் திறன் கவுன்சிலுடையதா, அந்தக் கடையுடையது மட்டுமா? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இருவரிடமாவது பேசிப் பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. வெளியூர்ப் பெண்கள் தங்கும் செலவையும் கட்டணத்தோடு சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கேட்க மறக்கக் கூடாத இன்னொரு கேள்வி உடல்நலம் பற்றியது. அக்ரிலிக் தூளும் திரவத்தின் ஆவியும் நாள் முழுக்க மூக்கில் ஏறும். இறுகாத ஜெல் தோலில் படப்பட ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது, தொழிலையே கைவிட வைத்துவிடும். ஜெல்லில் சேர்க்கப்பட்டு வந்த டி.பி.ஓ. என்ற வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடை செய்துவிட்டது. கையுறை, முகக்கவசம், காற்றோட்டம், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது ஆகியவற்றை முதல் நாளே கற்பிக்காத இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல பயிற்சி ஒரு சமூகத்தையே தூக்கி நிறுத்திய கதை ஒன்று உண்டு. 1975இல் வியட்நாம் போர் முடிந்ததும், கலிபோர்னியாவில் ஓர் அகதி முகாமில் இருந்த 20 பெண்களுக்கு நகத்தொழில் கற்றுத்தர ‘தி பேர்ட்ஸ்’ படத்தின் நடிகை டிப்பி ஹெட்ரன் ஏற்பாடு செய்தார். அழகுக்கலைப் பள்ளியில் முறையாகப் படித்து உரிமம் பெற்ற அந்தப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். பிறகு வந்த வியட்நாமியர்களும் அதே வழியில் நடந்தார்கள். இன்று அமெரிக்க நகக்கடைகளில் பெரும்பங்கு வியட்நாமியர்களின் உழைப்பில் நடக்கிறது. பல கடைகளின் சாவியும் அவர்கள் கையில் இருக்கிறது. ரசாயனப் பாதுகாப்புக்காகவும் அவர்கள் பின்னால் போராட வேண்டியிருந்தது. கற்றவர் மற்றவருக்குக் கற்றுத் தந்ததும், கடையைச் சொந்தமாக்கியதும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடங்கள்.

நமக்கும் வழிகள் இருக்கின்றன. சொந்தக் கடை வைக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஊரையும் தெருவையும் கேட்டுச் சாதி அறிந்துகொண்டு வேலை மறுக்கும் கடைக்காரருக்கு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955இன் 4ஆம் பிரிவு காத்திருக்கிறது. உதவி எண் 14566.

விளம்பரத்துக்கு முன்பணம் அனுப்பும் முன், இந்த வாரமே உங்கள் மாவட்டத் தாட்கோ அலுவலகத்துக்குப் போய், அடுத்த அழகுக்கலைப் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், தெருவில் உள்ள நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவரை அம்மாவின் கம்மல் அவர் காதிலேயே இருக்கட்டும்.