சோற்றில் மறைத்த பூசணிக்காய்

செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில், சிங்கவரம் குன்றின் மேல், பல்லவர் காலத்துக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அவர் முகம் சற்றே திரும்பியிருப்பதற்கு இந்த வட்டாரத்து மக்கள் ஒரு காரணம் சொல்வார்கள். ஆற்காட்டு நவாபுடன் போருக்குப் புறப்படும் முன் ராஜா தேசிங்கு இங்கே வந்து உத்தரவு கேட்டானாம். போக வேண்டாம் என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதையும் மீறிப் போனவன் 1714-இல் களத்தில் மாண்டான். குடைவரை தேசிங்குக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு மூத்தது. ஆகவே இதை வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனாலும் இந்தக் கதை பிறந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான ஒன்று ஊர்க்காரர் கண்ணில் பட்டது. ஏன் என்று கேட்டார்கள். தாங்கள் அறிந்த மனிதர்களை வைத்து விடை சொன்னார்கள். துப்பறியும் கதையின் முதல் படிகளும் இவைதாம். சொன்ன விடை சரியா என்று சோதிப்பது ஒன்றுதான் பாக்கி.

இப்படி ஊர்க்காரர் ஒருவரே துப்புத் துலக்கும் கதைகளுக்கு ஆங்கிலத்தில் ‘கோஸி மிஸ்டரி’ என்று பெயர். ரத்தம் பக்கங்களில் வழியாது. குற்றம் பெரும்பாலும் கண்மறைவில் நடக்கும். களம் சின்ன ஊர். கண்டுபிடிப்பவரிடம் காக்கிச் சட்டையோ துப்பாக்கியோ இருக்காது. 1927-இல் வெளிவந்த சிறுகதையில் அகதா கிறிஸ்டி அறிமுகப்படுத்திய மிஸ் மார்ப்பிள் என்ற மூதாட்டி இவர்களுக்கெல்லாம் முன்னோடி. தன் கிராமத்து மனிதர்களின் குணத்தோடு ஒப்பிட்டே அவர் குற்றவாளியை அடையாளம் காண்பார். அந்த வரிசையில் இப்போது செல்வாக்கோடு இருப்பவை குடும்பமாக நடத்தும் சாப்பாட்டுக் கடையைச் சுற்றி எழுதப்படும் தொடர் நாவல்கள். சாப்பாடு வெறும் அலங்காரம், வாசகரை இழுக்கும் மணம் என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அது சரியான மதிப்பீடு ஆகாது. இக்கதைகளில் துப்புத் துலக்கும் கருவியே அந்தக் கடைதான். அதிகாரத்தோடு விசாரிப்பவரிடம் சொல்லாததை, பசியாற்றியவரிடம் மனிதர்கள் சொல்லிவிடுகிறார்கள். இந்த எளிய உண்மைமேல்தான் இந்த வகை முழுவதும் நிற்கிறது.

மியா பி. மனான்சாலா 2021-இல் எழுதிய ‘ஆர்சனிக் அண்ட் அடோபோ’ இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷேடி பாம்ஸ் என்ற கற்பனை ஊர். அங்கே பிலிப்பைன்ஸ் வழிவந்த குடும்பம் ஒன்று கடை நடத்துகிறது. சமைப்பவர் அத்தை ரோஸி. வெளியூரிலிருந்து திரும்பி வந்த லைலா கடையில் கைகொடுக்கிறாள். ஒருநாள் அவளுடைய முன்னாள் காதலன், உணவு விமர்சனம் எழுதுபவன், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறக்கிறான். போலீஸ் லைலாவைச் சந்தேகிக்கிறது. கடைக்கு இடம் கொடுத்தவர் இதுதான் சமயமென்று காலி செய்யவைக்கப் பார்க்கிறார். உயிர், மானம், பிழைப்பு மூன்றும் ஒரே தட்டில் வந்து நிற்கின்றன. லைலாவுக்குத் துணை, ஏப்ரல், மே, ஜூன் என்று மாதப் பெயர் கொண்ட மூன்று ஞானத்தாய்மார். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவர்கள் காதுக்கு வந்துவிடும். விவியன் சியென் 2018-இல் தொடங்கிய நூடுல்ஸ் கடைத் தொடரிலும் இதே அமைப்புதான். கிளீவ்லாந்து நகரில் ஒரு குடும்பம் நடத்தும் சீன உணவுக் கடையிலிருந்து போன பலகாரமே அந்த வணிக வளாக உரிமையாளரின் சாவுக்குக் காரணமாகிறது. பழி கடைமேல் விழுகிறது. சாப்பாட்டுக் கடை விற்பது நம்பிக்கையை. முன்பின் தெரியாத ஒருவர் சமைத்ததை வாயில் போட்டுக்கொள்ளும் நம்பிக்கை அது. அது உடைந்தால் கடை இல்லை. எனவே உண்மையைத் தேடுவது இங்கே வேடிக்கை ஆவதில்லை, குடும்பத்தின் அன்றாடக் கஞ்சிக்கான போராட்டமாகிறது. மனான்சாலாவின் புத்தகத்தில் சமையல் குறிப்புகளும் உண்டு. எல்லோரும் எதையோ மறைக்கும் கதையை முடித்ததும், குழம்பில் என்ன சேர்ந்தது என்று ஒளிவில்லாமல் சொல்கிறார் ஆசிரியர். கதை தேடிய நம்பிக்கை அந்தக் குறிப்பில் மீண்டும் கிடைக்கிறது.

கொலையே இல்லாமலும் இது நடக்கும் என்று காட்டியவர் ஜப்பானின் ஹிசாஷி காஷிவாய். 2013-இல் வெளிவந்த அவருடைய ‘கமோகாவா’ கதைகள் கியோட்டோ நகரில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சிறு கடையில் நிகழ்கின்றன. அப்பா நகாரே முன்பு போலீஸ் துப்பறிவாளர். மகள் கோயிஷி வருபவர்களிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்பவள். என்றோ சாப்பிட்ட ஒரு பண்டத்தின் ருசியைத் தேடியே மனிதர்கள் அங்கே வருகிறார்கள். முதல் கதையில் வருபவர், இறந்துபோன மனைவி செய்துகொடுத்த உடோன் நூடுல்ஸை இன்னொரு முறை சாப்பிட வேண்டும் என்கிறார். நகாரே அந்தக் காலத்தையும் இடத்தையும் மனிதர்களையும் தேடிப் புரிந்துகொண்டு, சில நாள் கழித்து அதே ருசியைப் பரிமாறுகிறார். நம் வீடுகளில் அம்மாவின் கைப்பக்குவம் என்று பெருமூச்சு விடுகிறோமே, அந்தப் பக்குவம் எந்தக் கடைப் புளி, எந்த ஊர்த் தண்ணீர், எந்த வறுமையின் சிக்கனம் என்று ஒருவர் துப்புத் துலக்கிச் சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு ருசியை விசாரிக்கப் போனால் ஒரு வாழ்க்கை கிடைக்கிறது.

இதெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒட்டாது என்ற மறுப்பு எழலாம். ஆனால் தமிழில் துப்பறியும் நாவலுக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ 1908-இல் வந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரைச் சினிமாவும் எடுத்துக்கொண்டது. மென்மையான துப்பறியும் கதையும் நமக்குப் புதிதில்லை. தேவன் ஆனந்த விகடனில் எழுதிய துப்பறியும் சாம்பு வங்கிக் குமாஸ்தாவாக இருந்தவர். அசடு என்று பெயரெடுத்தவர். மனைவி வேம்பு, இன்ஸ்பெக்டர் கோபாலன் என்று அவரைச் சுற்றிலும் வீட்டு மனிதர்களின் வாசனை. பிறகு வந்தவர்களோ வக்கீல் கணேஷும் வசந்தும், போலீஸ் அதிகாரி விவேக், துப்பறியும் நிறுவனம் நடத்தும் பரத்தும் சுசீலாவும். சுவையான கதைகள்தாம், ஆனால் துப்பு பெருநகரத்துக்கும் தொழில்முறை ஆட்களுக்கும் போய்விட்டது. சாம்பு விட்ட இடத்திலிருந்து ஊர்க்காரரிடம் அதைத் திரும்பக் கொண்டுவர, ஒரு சாப்பாட்டுக் கடையைவிடப் பொருத்தமான வாசல் இல்லை.

அதற்குச் செஞ்சியையே எடுத்துக்கொள்ளலாம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கும் ஊர். பௌர்ணமி என்றால் கிரிவலக் கூட்டம் இந்த வழியாகப் போகும். அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சலுக்குப் போகும் கூட்டம். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைகளோடு காத்திருக்கும் விவசாயிகள். கோட்டை பார்க்க வருபவர்கள் தனி. 2025-இல் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இத்தனை பேருக்கும் பசிக்கும். இப்படி ஓர் ஊரில் இருபது வருடமாக மெஸ் நடத்தும் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். யார் பற்று வைத்துச் சாப்பிடுகிறார், யார் திடீரென்று பழைய பாக்கி முழுவதையும் அடைத்தார் என்பது அவருடைய நோட்டில் இருக்கும். ஆடு விற்ற கையோடு வருபவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவது வழக்கம், அவர் ஒருநாள் ரசத்தோடு எழுந்தால், “என்னண்ணே, மோருக்குக்கூட உக்காரல?” என்று கேட்கத் தோன்றும். விருந்தில் இலையைத் தம் பக்கமாக மடிப்பதும் துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பதும் நம் பழக்கம். ஊரில் சாவே விழாத நாளில் ஒருவர் தம்மை மறந்து இலையை எதிர்ப்பக்கம் மடித்துவிட்டுப் போனால், அதை முதலில் பார்ப்பவர் இலை எடுப்பவர். எந்தக் காவல் நிலைய ஆவணத்திலும் ஏறாத தடயம் அது.

ஒருவர் செத்துக் கிடக்க அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பலகாரம் ருசிப்பதா என்ற கேள்வி நியாயமானது. சாவைச் சாக்காக மட்டும் வைத்து எழுதிய மோசமான நாவல்கள் இந்த வகையில் உண்டு. அவற்றுக்காக வாதாட வேண்டியதில்லை. நல்லவை வேறு விதம். செத்தவரை அறிந்தவர்களே தேடுவதால், அவர் எப்படி வாழ்ந்தார் என்ற கேள்வி கடைசிவரை கூடவே வருகிறது. நம் சாவு வீடுகளிலும் சோறு இல்லாமல் போவதில்லை; அன்று அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொண்டுவருவார்கள். சோறும் துக்கமும் நம்மிடம் பகையாக இருந்ததில்லை. சின்ன ஊரில் புத்தகத்துக்கு ஒரு கொலை நம்பும்படியாக இல்லை என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். ஆனால் தொடரை வாங்கிப் படிப்பவர் காவல்துறைப் புள்ளிவிவரம் தேடி வருவதில்லை. சென்ற புத்தகத்தில் சண்டை போட்டுக்கொண்ட அக்கா தங்கை பேசிக்கொண்டார்களா, கடைக்கடன் அடைந்ததா என்று அறியவே வருகிறார். கமோகாவாவைப் போல, களவுபோன தாலி, காணாமல்போன மகன், மாறிய உயில் என்று கொலையின்றியும் எழுத வழி இருக்கிறது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இன்னொன்று. ஊரே கூடும் இடம் என்று தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக் கடையைச் சொல்ல முடியுமா? பெயர்ப்பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருந்ததை எதிர்த்துப் பெரியார் 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்பு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இரட்டைக் குவளை வைத்த டீக்கடைகள் நம் கிராமங்களின் வெட்கம். சாப்பாட்டுக் கடையை அன்பின் கூடமாக மட்டும் எழுதினால் அது பொய்க்கதை. ஆனால் துப்பறியும் கதையின் வேலையே மறைத்ததை எடுத்து வைப்பதுதானே. யார் உள்ளே உட்கார்கிறார், யாருக்குப் பார்சல் மட்டும், யாரை ஊர் உடனே சந்தேகிக்கிறது என்று கேட்கும் கதை, இந்த நாட்டின் பெரிய குற்றத்தையே விசாரிக்கிறது. மறுபக்கமும் உண்டு. ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ கதையில் வரும் கெத்தேல் சாகிபு சாப்பிட்டவரிடம் காசு கேட்பதில்லை. உண்டியலில் போட முடிந்ததைப் போடலாம். ஒரு சோற்றுக் கடை மனிதருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதற்கு அது சாட்சி. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எழுதப்படாத கதைகள் காத்திருக்கின்றன.

மீண்டும் சிங்கவரத்துக்கு வருவோம். பெருமாள் முகம் திருப்பிய கதை, சிற்பத்தைப் பற்றிச் சொல்வதைவிட, இளம் ராஜாவைப் பறிகொடுத்த ஒரு சீமையின் துக்கத்தைப் பற்றியே அதிகம் சொல்கிறது. ஊர்ப்பேச்சு அப்படிப்பட்டது: மனசுக்குப் பொருந்தும் விடையை முதலில் எடுத்துக்கொள்ளும். தேசிங்கு விஷயத்தில் அதனால் யாருக்கும் நட்டமில்லை. கூலிக்கு வந்த வெளியூர்க்காரன்மேல், அல்லது சேரிப் பையன்மேல், அந்தப் பேச்சு திரும்பும்போது ஓர் உயிரே போய்விடலாம். நல்ல சாப்பாட்டுக் கடைத் துப்பறியும் கதை ஊர்ப்பேச்சை ஆசையோடு கேட்டுக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றாக உரசிப் பார்த்து, முதலில் கைகாட்டப்பட்டவரைப் பெரும்பாலும் விடுவிக்கும். அந்த வாசிப்புப் பழக்கம் நமக்கு இன்று மிகவும் தேவை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அது முதலில் தட்டுப்படுவது பரிமாறுகிறவரின் கரண்டியில். அவர் சொல்வதைக் கேட்டு எழுத ஒரு தமிழ் எழுத்தாளர் அந்தக் கடையின் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும்.