மலையடிவாரத்துக் குரல்கள் – 9
சின்னசாமிக்குக் கிடைத்த கூட்டாளிகள்

பொட்டிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு அம்பரப்பர் மலையும் அங்கே திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகமும்தான் ஞாபகம் வருகின்றன. இந்த வாரம் நான் பொட்டிபுரத்தைத் தாண்டி, தேவாரம் வழியாகப் பண்ணைபுரத்துக்குப் போனேன். வலது கைப்பக்கம் மலை கூடவே வந்தது. அதற்கு மேலே ஏலத்தோட்டங்கள். காய் எடுக்க ஆள் ஏற்றிக்கொண்டு விடியுமுன் ஜீப்புகள் கிளம்புகிற ஊர்கள் இவை.

அந்த மலைக்கு அப்பால், தேவிகுளத்தில் 1958-ல் இடைத்தேர்தல் நடந்தது. பண்ணைபுரத்துப் பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாக ஏறி இறங்கிப் பாடினார். அவர் ஆதரித்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அண்ணனோடு பாடப்போன தம்பி ராசையாவுக்கு மீசை முளைக்காத வயது. பின்னாளில் இளையராஜா ஆனவர் அவர்தான்.

அதே பண்ணைபுரத்துக்குச் சுகாதார ஆய்வாளர் வேலையாக வந்து சேர்ந்தார் அல்லிநகரத்துச் சின்னசாமி. நாடகப் பித்துப் பிடித்தவர். ‘ஊர் சிரிக்கிறது’, ‘சும்மா ஒரு கதை’ என்று எழுதித் திருவிழா மேடைகளில் போட்டவர். அரசாங்கச் சம்பளம் ஒரு பக்கம், கூத்துப் பைத்தியம் ஒரு பக்கம். வேலைக்கு வந்த ஊரிலேயே பாஸ்கர், ராஜா (அந்த ராசையாதான்), அமர் என்று ஆர்மோனியமும் தபேலாவுமாகப் பாவலரின் தம்பிகள், மூன்று சகோதரர்கள் அவருக்குக் கிடைத்தார்கள். அவர் நாடகத்துக்கு அவர்கள் இசை. வேறு ஊருக்கு மாற்றல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

சின்னசாமி முதலில் சென்னைக்குப் போனார். பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தார். 1968-ல் சகோதரர்கள் வந்து இறங்கியதும் அவருடைய அறையில்தான். ராஜா இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் கிட்டார் வாசித்தார்; சின்னசாமி புட்டண்ணா கனகலிடம் உதவி இயக்குநரானார். ‘மயில்’ என்று ஒரு கதை எழுதி, கறுப்பு வெள்ளையில் எடுக்க அரசுத் திரைப்பட நிதி நிறுவனத்தின் உதவியை நம்பியிருந்தார். அது கைகூடவில்லை.

அந்த வெறுமை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பத்திரிகையில் நாலு வருஷம் செய்திக்குறிப்புகளைத் திருத்தித் திருத்தி, பேனாவைத் தொடவே மனசு வராமல் இருந்தேன். பக்கத்து மேஜையில் புரூஃப் பார்த்த அண்ணன் ஒருவர், நான் கசக்கிப் போட்ட ஒரு தாளை எடுத்து நீவி, எழுத்துப்பிழைகளை மட்டும் சிவப்பு மையில் திருத்தி, மறுநாள் காலை என் டீ கிளாசுக்கு அடியில் வைத்திருந்தார். ‘நல்லாயிருக்கு’ என்றுகூடச் சொல்லவில்லை. “மிச்சம் எங்கே தம்பி?” என்றுதான் கேட்டார். அன்று ராத்திரியே மிச்சத்தை எழுதினேன்.

சென்னை அறையில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கதை கேட்க ஆளிருந்தது, மெட்டுக் கேட்க ஆளிருந்தது. என்னைக் கேட்டால், ‘மயில்’ சாகாமல் இருந்ததற்கு அதுவே போதும்.

1976-ல் ‘அன்னக்கிளி’ வந்து ராஜாவைத் தமிழ்நாடே பாடியது. மறுவருஷம் எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரிப்பில் ‘மயில்’ கதை ‘16 வயதினிலே’ ஆயிற்று. சின்னசாமி பாரதிராஜா ஆனார். இசை ராஜா. அந்தப் படத்தின் ‘செந்தூரப்பூவே’ கடைசித் தம்பி கங்கை அமரன் எழுதியது. அதைப் பாடிய எஸ். ஜானகிக்கு முதல் தேசிய விருது கிடைத்தது.

(தொடரும்)