சபையிலிருந்து வந்த கிதார்



ராக் இசை என்றதும் நீளமாக முடி வளர்த்த வெள்ளை இளைஞர்கள்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். கிறிஸ்தவ ராக் என்றால், அதே இளைஞர்கள் மனந்திரும்பி சபைக்குள் வந்ததுபோல ஒரு சித்திரம். அதை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. அந்த இசையின் முக்கியமான வேர்களில் ஒன்று ஏழைக் கறுப்பர்களின் சபைக்குள் இருக்கிறது.

சகோதரி ரோசெட்டா தார்ப், 1915இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், காட்டன் பிளான்ட் என்ற ஊரில் பிறந்தார். பெயரே பருத்திச் செடி. பெற்றோரும் பருத்திக் காட்டு உழைப்பாளிகள். தாயார் பெந்தெகொஸ்தே சபையில் மாண்டலின் வாசித்துப் பிரசங்கித்தவர். கைதட்டலும் மேளமும் ஆட்டமும் அங்கே வழிபாடு. வசதிபெற்ற கறுப்பர்களின் சபைகளே இதை நாகரிகமற்ற கூச்சல் என்று முகம் சுளித்தன. பறையை ஆலயத்துக்குள் கொண்டுவர நம் மக்கள் என்ன பாடுபட்டார்கள் என்று அறிந்தவர்களுக்கு, இந்தச் சுளிப்பை விளக்க வேண்டியதில்லை.

சிறுமியாகவே கிதாரோடு சபைமுன் நின்ற ரோசெட்டா, 1938இல் டெக்கா நிறுவனத்துக்காக இசைத்தட்டுகளில் பாடினார். அதே ஆண்டு நியூயார்க்கின் இரவு விடுதி மேடையிலும் ஏறினார். ஆலயத்தில் பாடியதைக் குடிக்கிற இடத்தில் பாடலாமா என்று விசுவாசிகள் கொதித்தார்கள். 1944இல் அவர் பதிவுசெய்த ஒரு பாட்டு, பரிசுத்த வழியில் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சபைக்காரர்களையே கேலி செய்கிறது. மறு ஆண்டு அது கறுப்பர் இசைக்கான விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடத்தை எட்டியது. அந்தக் கிதார் வாசிப்பை இன்று கேட்டால், பத்தாண்டுக்குப் பின் ராக் அண்ட் ரோல் என்று பெயர் சூட்டப்பட்டதன் துடிப்பு அதில் கேட்கிறது.

அவருடைய பாடல்களில் அரசியல் முழக்கம் அரிது. அப்படியானால் எதிர்ப்பு எங்கே என்று மாணவர்கள் கேட்கலாம். தென் மாநிலங்களில் விடுதிகள் இடம் தராததால் அவர் பேருந்திலேயே உறங்கினார். உணவகத்தின் பின்வாசலில் நின்று சாப்பாடு வாங்கிய காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு கறுப்புப் பெண், ஆண்களின் சொத்தாகக் கருதப்பட்ட மின்கிதாரை மாட்டிக்கொண்டு, கடவுள் என் பக்கம் நிற்கிறார் என்ற உறுதியோடு பாடினார். எதிர்ப்பைச் சொற்களில் மட்டும் தேடுவது படித்தவர்களின் பழக்கம் என்றே எனக்குப் படுகிறது.

சொல்லிலும் அது வந்தது. வெள்ளையரான லாரி நார்மன் 1972இல் வெளியிட்ட இசைத்தட்டில் இயேசுவைப் பாடியதோடு நிறவெறியையும் வியட்நாம் போரையும் சாடினார். 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் சிவில் உரிமை ஊர்வலத்தை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. 13 பேர் அன்றே மாண்டார்கள். அயர்லாந்தின் 'யூ2' குழு 1983இல் வெளியிட்ட 'வார்' இசைத்தட்டு, அந்த நாளைப் பற்றிய பாட்டோடு தொடங்கி, 40ஆம் சங்கீதத்தில் முடிகிறது. புலம்பலையும் கோபத்தையும் விவிலியம் ஒரே புத்தகத்தில் வைத்திருப்பதை அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். பிறகு கிறிஸ்தவ ராக் பெரும் வணிகமானது. துதி தங்கியது; கேள்வி பெரும்பாலும் கழன்றுகொண்டது.

ரோசெட்டாவுக்கு வருவோம். 1964இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ரயில் நிலையம் ஒன்றில் தொலைக்காட்சிக்காக அவர் பாடினார். மழை பெய்திருந்தது, மழையைப் பற்றிய பாட்டையே முதலில் எடுத்தார். எதிர் நடைமேடையில் வெள்ளை இளைஞர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் தலைமுறைதான் ராக் இசையை உலகெங்கும் கொண்டுபோனது.

1973இல் ஃபிலடெல்ஃபியாவில் அவர் இறந்தார். 30 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. ராக் இசையின் புகழ்மண்டபம் 2018இல்தான் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவரிடம் கற்றதாகச் சொன்ன ஜானி கேஷ் உள்ளே போய் அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன.