வயதுக்கு வருவது எப்படி?

குமணன்சாவடியில் மஞ்சள் நீராட்டு விழா என்றால், பட்டுப்புடவையில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு, பதிமூன்று வயதுதான். "நேத்துதான் பெரிய மனுஷியானா" என்பார்கள். உடம்போ ஏறக்குறைய 2 ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலையைத் தொடங்கிவிட்டது.

தொடங்கி வைப்பது மூளை. அங்கே ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் சில நரம்பணுக்கள் கிஸ்பெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. பருவமடைய அதன் தூண்டுதல் அவசியம் என்பது 2003இல்தான் தெரியவந்தது. பிட்யூட்டரி சுரப்பி வழியே சினைப்பைக்குச் செய்தி போய், ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. மார்பு வளர்கிறது, உயரம் கூடுகிறது. முதல் மாதவிடாய் வருவது அதற்கெல்லாம் பிறகு. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின், சேமிப்பு போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. சத்துக்குறைவான பிள்ளைகள் தாமதமாக வயதுக்கு வர இதுவும் ஒரு காரணம்.

முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிடாய் முன்பின்னாக வரும். பல மாதங்களில் கருமுட்டையே வெளிவராது. பயப்பட வேண்டாம். ஆனால் மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, உதிரப்போக்கு 7 நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுங்கள், நல்லதுதான். இழக்கும் இரும்புச்சத்தை ஈடுகட்ட ஈரல், கீரை, பள்ளியில் வாரந்தோறும் தரும் மாத்திரை மூன்றையும் விடாதீர்கள்.

வயதுக்கு வந்த பிறகும் அவள் இன்னும் 5 முதல் 7 செ.மீ. வரை வளர்வாள். ஓட்டமும் ஆட்டமும் எலும்பை உறுதியாக்கும் வயது இது. விளையாட்டை நிறுத்தவே கூடாது.