பட்டம் சரி, கையைக் காட்டுங்கள்!

வெளிநாட்டுப் படிப்பு குரோம்பேட்டைக்குப் புதிய சங்கதி இல்லை. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் இது. தொழிற்சாலைக் காலம் முடிந்து வெகுநாளாகியும் சி.எல்.சி. (குரோம் லெதர் கம்பெனி) ஒர்க்ஸ் ரோடு அந்தப் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. 1949-ல் சி.ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரி ஊரின் முகத்தையே மாற்றியது. அப்துல் கலாம் படித்த கல்லூரி. ராதா நகரிலோ லட்சுமிபுரத்திலோ நான்கு வீட்டைத் தட்டினால் ஒரு வீட்டிலாவது ‘பையன் ஸ்டேட்ஸ்ல எம்.எஸ். பண்றான்’ என்ற பதில் வரும். ஜி.ஆர்.இ., ஐ-20, எஃப்-1 விசா எல்லாம் காய்கறிக் கடை வரிசையிலேயே அலசப்படும் விஷயங்கள்.

அந்த வரிசையில் பி.டி.எஸ். முடித்த பெண் ஒருத்தி நின்றால் அவளுக்கும் அதே அறிவுரைதான். ‘ஏம்மா, நீயும் ஒரு எக்ஸாம் எழுதிட்டுப் போயேன், உங்க அண்ணன் போகலையா?’

அண்ணன் போன பாதை வேறு. பொறியியல் பட்டதாரியை அமெரிக்கப் பல்கலைக்கழகம் மேற்படிப்பு மாணவனாக ஏற்றுக்கொள்கிறது. அவனுடைய இளநிலைப் பட்டத்தை யாரும் மறுபடி வாங்கச் சொல்வதில்லை. பல் மருத்துவருக்கு அங்கே நிலைமை தலைகீழ். நான்கு ஆண்டு படித்து, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் முடித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவும் பெற்றவர், அமெரிக்கக் கணக்கில் இன்னும் பல் மருத்துவர் இல்லை. மிகச் சில மாநில விதிவிலக்குகளை விட்டுவிட்டால், அங்கே ஒருவர் வாயில் கை வைக்க வேண்டுமானால் அந்த நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் டி.டி.எஸ். அல்லது டி.எம்.டி. பட்டம் வாங்கியாக வேண்டும். இரண்டும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. 1840-ல் பால்டிமோரில் தொடங்கிய உலகின் முதல் பல் மருத்துவக் கல்லூரி கொடுத்தது டி.டி.எஸ்.; 1867-ல் தொடங்கிய ஹார்வர்டு பல் மருத்துவப் பள்ளி தன் பட்டத்துக்கு டி.எம்.டி. என்று லத்தீனில் பெயர் வைத்துக்கொண்டது.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. இந்தியாவில் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவரே அமெரிக்காவுக்கு விண்ணப்பித்துப் போன ஒரு வெளிநாட்டு மாணவர்தான். கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த ரஃபியுதீன் அகமது 1915-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். கொஞ்ச காலம் பாஸ்டனில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஐத்தான் இந்தியா தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறது. சென்னைக்கு அரசு பல் மருத்துவக் கல்வி வர 1953 ஆனது. இன்று நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள். குரோம்பேட்டையிலிருந்து எந்தத் திசையில் வண்டியைத் திருப்பினாலும் ஒன்று எதிர்ப்படும். பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி, ரத்தினமங்கலத்தில் தாகூர், பொத்தேரியில் எஸ்.ஆர்.எம்., கேளம்பாக்கத்தில் செட்டிநாடு, உத்தண்டியில் ராகாஸ்.

இத்தனை கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வருகிறவர்களுக்கு நாற்காலி எங்கே? மேற்படிப்பான எம்.டி.எஸ். இடங்கள் சொற்பம், அதற்கும் நீட் எம்.டி.எஸ். எழுத வேண்டும். சொந்தமாகக் கிளினிக் வைக்க முதலீடு வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் தொங்கும் பல் படம் போட்ட பலகைகளை எண்ணிப் பார்த்தாலே போட்டி புரியும். இன்னொருவர் கிளினிக்கில் அசோசியேட்டாகச் சேர்ந்தால் கிடைக்கும் சம்பளமோ, அண்ணனுடைய கேம்பஸ் சம்பளத்துக்குப் பக்கத்தில் நிற்காது. வெளிநாட்டு யோசனை பேராசையில் முளைப்பது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை.

அமெரிக்கப் பாதையின் முதல் கதவு ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வு. 2020 ஆகஸ்ட்டில் அறிமுகமானது. பழைய பார்ட் 1, பார்ட் 2 இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டது. இரண்டு நாளில் 500 கேள்விகள். முதல் நாள் மட்டும் 360. முடிவு தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். தேறியவருக்கு மதிப்பெண் சொல்லப்படாது. மதிப்பெண்ணை வைத்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது முதலில் நிம்மதி தரும், பிறகு கலக்கம் தரும். எல்லோரும் ‘பாஸ்’ என்றால் கல்லூரி எதை வைத்துத் தேர்ந்தெடுக்கும்?

தேர்வுக்குப் பின் வருவது கேப்பிட் என்ற பொது விண்ணப்பத் தளம். வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கென்று இரண்டு, இரண்டரை, மூன்று ஆண்டுப் படிப்பு நடத்தும் கல்லூரிகளில் பெரும்பாலானவை இதன் வழியாகவே ஆள் எடுக்கின்றன. நியூயார்க் பல்கலைக்கழகம், பாஸ்டன், டஃப்ட்ஸ், பென்சில்வேனியா, மிச்சிகன், கொலராடோ, தெற்கு கலிபோர்னியா, பசிபிக் என்று பட்டியல் நீளும். தளம் மார்ச் மாத வாக்கில் திறக்கும். வகுப்போ பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான். சில அரசுக் கல்லூரிகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவரின் விண்ணப்பத்தைத் தொடுவதே இல்லை. அதைக் கவனிக்காமல் பணம் கட்டி விண்ணப்பித்தால் அந்தக் கட்டணம் போனது போனதுதான்.

காகித வேலை ஒரு தனி உத்தியோகம். எல்லா ஆண்டு மதிப்பெண்களும் டிரான்ஸ்கிரிப்டாக, பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாக, இ.சி.இ. போன்ற மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மாணவர் கைபட்டால் செல்லாது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவருக்கு கிண்டிதான் தலைமையிடம். குரோம்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் ஏறினால் ஆறாவது நிறுத்தம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவரவர் அலுவலகத்தை அணுக வேண்டும். போதாததற்கு, கவுன்சிலிலிருந்து நன்னடத்தைச் சான்று, பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், டோஃபல்.

இவை எல்லாவற்றையும் விடத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளை அலைய விடுவது இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘கவிதா எஸ்’. பட்டத்தில் ‘எஸ். கவிதா’. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் பொதுவாக டென்ட்பின் என்று ஓர் அடையாள எண் தருகிறார்கள். அதில் இருக்கும் பெயர் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு பொருந்த வேண்டும். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன என்பது அயல்நாட்டுக் கணினிக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் திருத்தம் தேவைப்பட்டால் தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. அதைத் தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே முடித்துவிட வேண்டும்.

இவ்வளவும் கடந்தவருக்கு நேர்முகத்துக்கான அழைப்பு வரும். அதோடு, பல கல்லூரிகளில், பெஞ்ச் டெஸ்ட்.

ஒரு மேஜை, ஹேண்ட்பீஸ், பிளாஸ்டிக் பற்கள் பதித்த டைப்போடான்ட் என்ற தாடை மாதிரி, சில மணி நேரம். ஒரு கடைவாய்ப்பல்லைக் கிரவுன் போடுவதற்காகச் செதுக்க வேண்டும். இன்னொரு பல்லில் சொத்தையை எடுத்து அடைப்பதற்கான பள்ளம் வெட்ட வேண்டும். சில இடங்களில் மெழுகால் ஒரு முழுப் பல்லையே அதன் குன்று, பள்ளம், பிளவுகளோடு உருவாக்கிக் காட்டச் சொல்வார்கள். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. மேற்பரப்பில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை குறைய வேண்டும். சுவர்கள் மேல் நோக்கி மிக லேசாகச் சரிய வேண்டும். ஓரக்கோடு உடையாமல் ஓட வேண்டும். கூடுதலாகச் சரிந்தால் கிரவுன் கழன்று வரும், சரியாமல் போனால் உட்காராது. பக்கத்துப் பல்லில் துளைமுனையான பர் ஒரு கீறல் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தும் காப்பாற்றுவது கடினம். நோயாளியின் நல்ல பல்லைக் கெடுத்தவர் என்றே அதற்கு அர்த்தம்.

நம் மாணவர்களுக்கு இது அந்நியமான வேலை இல்லை. பி.டி.எஸ். முதல் ஆண்டிலேயே மெழுகுக் கட்டியில் பல் செதுக்கியவர்கள்தான். பல் பிடுங்குவதில் நம் ஊர் ஹவுஸ் சர்ஜனுக்குக் கிடைக்கும் பழக்கமோ அமெரிக்க மாணவருக்கு வாய்ப்பது அரிது. ஆனால் கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் கற்றது வேகம். பெஞ்ச் டெஸ்ட்டில் பார்க்கப்படுவது நுணுக்கம். அதனால்தான் பலர் சொந்தமாக டைப்போடான்ட் வாங்கி, வீட்டு மொட்டை மாடி அறையையே லேபாக்கி, மாதக்கணக்கில் பிளாஸ்டிக் பல்லைச் செதுக்குகிறார்கள். புத்தக அறிவை ஒரு தேர்வை வைத்து ஏற்றுக்கொள்ளும் கல்லூரி, கைத்திறனைத் தன் கண்ணால் பார்க்காமல் நம்புவதில்லை. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சில மணி நேரத்துக்காகப் பயண விசா எடுத்து, விமானச் செலவு செய்து போனவருக்கு இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

விண்ணப்பிப்பவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு: கல்யாணமாகிப் போனவர்கள். மாப்பிள்ளை ஐ.டி.யில் எச்-1பி, பெண் பி.டி.எஸ்., வந்திறங்கியதோ எச்-4 விசாவில். கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டும் வரை அந்தப் பெண் வேலைக்கே போக முடியாது. ஜாதகம் பார்த்தவர்கள் இந்த விதியைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் நேர்முகத்துக்கும் பெஞ்ச் டெஸ்ட்டுக்கும் கடல் தாண்ட வேண்டியதில்லை என்பதால், விண்ணப்பப் போட்டியில் இவர்களுக்குக் கொஞ்சம் சாதகம்.

வேறு சில நாடுகளில் கல்லூரியில் சேராமல் தேர்வுகள் வழியாகவே உரிமம் பெற முடியும். அங்கும் கதை அதே கைக் கதைதான். கனடாவில் எழுத்துத் தேர்வைத் தாண்டினால் ஒட்டாவாவில் செய்முறைத் தேர்வு. ஆஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வுக்குப் பிறகு மெல்போர்னில் இரண்டு நாள் செய்முறை. பிரிட்டனின் ஓ.ஆர்.இ. எழுத, நோயாளிகளுக்கு நேரடியாக 1,600 மணி நேரம் சிகிச்சை அளித்த அனுபவம் வேண்டும். முதல் பகுதியை எழுதிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் இரண்டையும் முடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய தேர்வு, தேர்வுக்கு இடம் பிடிப்பது. பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் காலி என்ற புலம்பல் பல ஆண்டுகளாகக் கேட்கிறது. தட்கல் டிக்கெட் போட்டுப் பழகியவர்களுக்குக் கூட அது சோதனைதான். வளைகுடா நாடுகளின் பிராமெட்ரிக் தேர்வு செலவு குறைந்தது. பணி அனுபவம்தான் அங்கே முக்கியம்.

பிளஸ் டூ முடித்த கையோடு ‘அமெரிக்காவில் நேரடி பல் மருத்துவம்’ என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடலாம். அங்கே முதலில் ஓர் இளநிலைப் பட்டம், டி.ஏ.டி. நுழைவுத் தேர்வு, பிறகு நான்கு ஆண்டுப் படிப்பு. பெரும்பாலும் எட்டு ஆண்டு. வேறு நாட்டில் பல் மருத்துவம் முடித்து இங்கே திரும்புகிறவரும் சும்மா பலகை மாட்ட முடியாது. தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் ஸ்கிரீனிங் தேர்வு காத்திருக்கும்.

பணக் கணக்குக்கு வருவோம். தனியார் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் மட்டுமே மொத்தம் 2 லட்சம் டாலரைத் தாண்டும். ரூபாயில் ஒன்றரைக் கோடிக்கு மேல். அமெரிக்க மாணவருக்குக் கிடைக்கும் அரசுக் கடன் வெளிநாட்டவருக்குக் கிடையாது. இங்கே வங்கிக்குப் போனால், கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டியதும் பொதுவாக அடமானம் கேட்பார்கள். இந்தப் பகுதியில் அடமானம் என்றால் எண்பதுகளில் தாத்தாவோ அப்பாவோ வாங்கிப் போட்ட மனைதான். அஸ்தினாபுரத்திலும் நெமிலிச்சேரியிலும் நிலம் ஏறிய விலைதான் பல வீட்டுப் பிள்ளைகளுக்கு அயல்நாட்டுக் கல்லூரியின் கதவைத் திறக்கிறது. அப்படி ஒரு மனை இல்லாத வீட்டுப் பிள்ளை அதே அளவு கைத்திறனோடு அசோசியேட் நாற்காலியிலேயே நின்றுவிடுகிறார். இந்தப் பாதையைப் பற்றிப் பேசும் ஆலோசகர்கள் தேர்வைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பட்டம் கைக்கு வந்த பிறகும் பல மாநிலங்களில் உரிமத்துக்கு இன்னொரு செய்முறைத் தேர்வு உண்டு. மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக்குப் பிறகு வேலை பார்க்க ஓ.பி.டி. அனுமதி 12 மாதம். கணினி படித்த அண்ணனுக்குக் கிடைத்த கூடுதல் 24 மாதம் பல் மருத்துவத்துக்கு இல்லை. அதற்குள் எச்-1பி குலுக்கலில் பெயர் விழ வேண்டும், அதற்கு மனுப் போடும் கிளினிக்கும் கிடைக்க வேண்டும். நம் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் தவணை கட்டத் தொடங்கத் தரும் அவகாசம், படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓர் ஆண்டும். ஓ.பி.டி. முடிவதும் முதல் தவணை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே மாதத்தில்.